நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிய சத்தம்

அந்தக் காலத்தில் என் கணவர் காரைப் பூட்டும்போது திரும்பிப் பார்க்க மாட்டார். இறங்குவார், கதவைத் தள்ளி மூடுவார், நடக்கத் தொடங்கிவிடுவார். கொஞ்ச தூரம் போனதும் வலது கை மட்டும் முதுகுப் பக்கம் வளையும். கட்டைவிரல் ரிமோட்டை அழுத்தும். கார் 'கீ' என்று ஒரு தடவை கத்தும், விளக்குகள் ஒரு தடவை சிமிட்டும், நான்கு கதவின் பூட்டுகளும் 'டுக்'கென்று ஒன்றாக இறங்கும். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அந்த 'டுக்' காருக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத்தான் நன்றாகக் கேட்கும். அந்த ஆள் எப்போதும் நான்தான்.

நான் ஏன் உள்ளே உட்கார்ந்திருப்பேன் என்று கேட்டால், பினாங்கில் கார் வைத்திருந்த எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லிவிடுவாள். ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்த இடத்தில், பாதி சாக்கடையோரம் பாதி தெரு என்று நிறுத்திவிட்டு, மனைவியை உள்ளே விட்டுவிட்டுப் போவார்கள். அபராதம் எழுதுகிறவர் வந்தால், "அஞ்சு நிமிஷம், என்சிக்" என்று மலாயில் ஐயா போட்டுக் கெஞ்ச ஓர் ஆள் வேண்டுமல்லவா? அதுதான் என் உத்தியோகம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அபராதம் எழுதுகிறவருக்குத் தெரியவா போகிறது. வயலில் நிறுத்திய பொம்மைபோல உட்கார்ந்திருப்பேன். அவருடைய ஐந்து நிமிஷம் எத்தனை நிமிஷம் என்பது அவருக்கும் கடைக்காரருக்கும்தான் வெளிச்சம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். கீழ்மாடிக்காரருடைய கார் பட்டப்பகலில் காணாமல் போனதிலிருந்து என் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்களுடையது மூன்றாவது கைக்கு வந்த கார். அதைத் திருடுகிறவன் பாவம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை கார்ச் சாமான் கடைக்குப் போய் அலாரமும் ரிமோட்டும் பொருத்திக்கொண்டுதான் வந்தார். என் கல்யாணச் சேலையை எடுக்கக்கூட இந்த மனிதர் இவ்வளவு நேரம் கடையில் நின்றிருக்க மாட்டார்.

தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு சாமான். ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் நான்கு கதவும் பூட்டி, அலாரமும் விழித்துக்கொள்ளும். இன்னொருமுறை அழுத்தினால் இரண்டு தடவை 'கீ கீ' என்று கத்திவிட்டுத் திறந்துகொள்ளும். நடுவில் யாராவது தொட்டால் தொலைந்தது. எங்கள் மாடியிலிருந்து கடற்கரை ரோடுவரைக்கும் கேட்கிற மாதிரி அலறும். லாரி போனால் அலறும். பூனை மேலே குதித்தால் அலறும். சீனப் பெருநாளுக்கு வெடி வெடித்தால் அதுவும் சேர்ந்து பெருநாள் கொண்டாடும். இவர் கைலியோடு சன்னலுக்கு ஓடிப்போய், பூசாரி தீர்த்தம் தெளிக்கிற மாதிரி ரிமோட்டை நீட்டி நீட்டி அழுத்துவார். எதிர் மாடிக்காரர்கள் எல்லாம் சன்னலில் நின்று பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

கடைக்காரர் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியிலிருந்து பூட்டிய பிறகு உள்ளே இருக்கிற ஆள் கதவைத் திறந்தாலும் அலாரம் அடிக்கும். அதற்கு வீட்டுக்காரரும் தெரியாது, வீட்டுக்காரியும் தெரியாது. கண்ணாடியை இறக்கலாம் என்றால் அதுவும் சாவி போட்டால்தான் இறங்கும், சாவியோ அவர் சட்டைப்பையில். ஆக, 'டுக்' என்று விழுந்துவிட்டால், கேக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கேக் மாதிரி நான் அப்படியே இருக்க வேண்டியதுதான். புழுங்கும். முனகுவேன். கைப்பை பறிக்கிறவர்கள் அலைகிறார்கள், பூட்டியிருந்தால்தான் உனக்குப் பாதுகாப்பு என்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதையாகவே இருந்திருக்கலாம். என் அண்ணனைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு வராது.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீசில் கிளார்க். எங்கள் சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அண்ணனும் நானும் இரண்டே பேர். ஆப்பம் சுட்டால், மொறுமொறுவென்று இருக்கிற ஓரத்தைச் சுற்றிவரப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு, நடுவில் இருக்கிற மெத்தென்றதை அவன் தின்பான். தனக்கு ஓரம் பிடிக்காது என்று சொல்லுவான். பிடிக்கும் என்று எனக்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் உறைத்தது.

அண்ணனும் தன்னைப்போல மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. இவன் படகேறி அக்கரைக்குப் போய், பட்டர்வொர்த் மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் சேர்ந்துவிட்டான். அதைக்கூட அப்பா விழுங்கியிருப்பார். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த, ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதைத்தான் விழுங்க முடியவில்லை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஆட்களிடம் இருந்த கர்வம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "அவன்ர பேச்சை இந்த வீட்டில எடுக்கக் கூடாது" என்றார் அப்பா. எடுக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்த பிறகு அப்பாவும் எங்களோடுதான் இருந்தார். அந்தத் தடையும் அவரோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்குக் குடி வந்தது.

அப்பா இறந்தபோது அண்ணன் சுடுகாட்டுக்கு வந்தானாம். ஓரமாக நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டானாம். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போக மாட்டோம். வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு, எல்லாம் முடிந்து வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கே மனதில் முடிவு செய்துகொண்டேன். தடை போட்டவர் போய்விட்டார். இனி அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அண்ணியையும் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

என் கணவரும் தாராளமாகக் கூப்பிடு என்றார். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவள், அப்பா போனதும் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? எந்த நாளில் போவது, என்ன கொண்டு போவது, முதலில் என்ன பேசுவது என்று யோசித்தே மாதங்களை ஓட்டினேன்.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனோம். பானைக்கடை முன்னால் காரை நிறுத்தினார். தூண்களில் எல்லாம் கரும்பு சாத்தியிருந்தது. நடக்க இடமில்லை. அவர் முதலில் மல்லிகைப்பூப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து என் மடியில் வைத்தார். பிறகு இரண்டு கையிலும் காலிப் பைகளைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கொத்தும் வாழை இலையும் வாங்கக் கூட்டத்துக்குள் புகுந்தார். முதுகுப் பக்கம் கை வளையவில்லை. 'டுக்' விழவில்லை. இன்றைக்கு மறந்துவிட்டார், நமக்கு விடுதலை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் தோளில் கரும்புக் கட்டோடு தெருவைக் கடந்து வந்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நடை தெரிந்துவிட்டது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கிற நடை. தலை நரைத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, நடை மட்டும் அப்படியே இருந்தது. என் அண்ணன்.

அவனும் பார்த்துவிட்டான். தெரு நடுவில் நின்றான். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள் ஹாரன் அடித்த பிறகுதான் ஒதுங்கினான். கரும்பைத் தூணில் சாத்தினான். உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். பட்டறை வேலைக்காரர்கள் பெரிய மனிதர் வீட்டுச் சாமானைத் தொடுவதற்கு முன் அப்படித் துடைப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு ஓடியிருக்க வேண்டியவள், பூப்பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்பு. சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரியே "என்ன பிள்ளை" என்று உதடு அசைந்தது. கை கதவுப்பிடிக்குப் போனது.

கீ.

டுக்.

நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. அவன் இழுத்தான், பிடி வெறுமனே ஆடியது. என் தோளுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்த பூட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்த முகத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிப்பு மட்டும் போய்விட்டது.

நான் இல்லை அண்ணை, நான் பூட்டவில்லை என்று கத்தினேன். கண்ணாடிக்கு வெளியே கரும்புக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். கேட்டிருக்காது. பூட்டை மேலே இழுத்துக் கதவைத் திறந்தேன். அவ்வளவுதான், அலாரம் பிடித்துக்கொண்டது.

கடைத்தெருவே திரும்பியது. பானைக்கடைக்காரர் வெளியே வந்து, "ஏய், கார்ல என்ன பண்றே?" என்று அண்ணனைப் பார்த்துச் சத்தம் போட்டார். இரண்டு பேர் அவனை நோக்கி நடந்தார்கள். என் அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் தூக்கிக் காட்டினான், ஒன்றும் எடுக்கவில்லை என்று. நான் இறங்கப் போனால் சேலை இருக்கைப் பட்டையில் சிக்கிக்கொண்டது. சனியன் பிடித்த சேலை. அதை விடுவித்துக்கொண்டு தரையில் நின்று, இவர் என் அண்ணன் என்று சொல்வதற்குள் அவன் கரும்பைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டான். அந்தச் சத்தத்தில் நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை.

என் கணவர் ரிமோட்டை நீட்டிக்கொண்டே ஓடி வந்தார். அலாரம் நின்றது. யார் அவன், கதவைத் தொட்டானா என்று கேட்டார்.

"அண்ணன்" என்றேன்.

அவர் பைகளை அப்படியே கீழே வைத்துவிட்டுத் திரும்பி ஓடினார். படகுத் துறை வரைக்கும் போய்த் தேடியிருக்கிறார். சட்டையெல்லாம் நனைந்து தனியாகத் திரும்பி வந்தார். காரில் உட்கார்ந்த பிறகு, எனக்குச் சொல்வதுபோலவும் இல்லை, தனக்கே சொல்வதுபோலவும் இல்லை: "பூட்டலையேன்னு மூலைக்குப் போனதும்தான் ஞாபகம் வந்துச்சு. அதான் அங்கேருந்தே அமுக்கினேன்."

திரும்பிப் பார்க்காமல்தான் அமுக்கியிருப்பார். அவரைத் திட்ட வாய் வரவில்லை. என்னைப் பத்திரமாக வைக்கத்தானே அமுக்கினார்.

நாளைக்கே மாக் மண்டின் போவோம், நானே சொல்கிறேன் என்றார். வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். அப்பா இருந்த காலத்திலேயே யாருக்கும் தெரியாமல் விசாரித்து வைத்திருந்தேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால், மாரியம்மன் கோயில் சந்தில் கடைசி வீடு. பாலத்தைத் தாண்டினால் அரைமணி நேரம். வேண்டாம் என்றேன். பொங்கலும் அதுவுமாக எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? கொஞ்சம் ஆறட்டும் என்றேன்.

அவனுக்கு ஆறியதோ என்னவோ. எனக்குத்தான் ஆறவில்லை. முதல் வாரம் வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் அது கோபமாகிவிட்டது. என்னோடு பிறந்தவன், என்னை வளர்த்தவன், நான் அவன் முகத்துக்கு நேரே கதவைப் பூட்டுவேன் என்று எப்படி நினைக்கலாம்? ஒரு நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா? மற்றவர்கள் நினைக்கட்டும், அவன் நினைக்கலாமா? சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது அவனோடு மனதுக்குள்ளேயே சண்டை போட்டேன். எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன். அவன் வந்து, நான் தப்பாக நினைத்துவிட்டேன் பிள்ளை என்று சொல்ல வேண்டும், நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுவிட்டு ஆப்பம் சுட வேண்டும், இதுதான் என் கணக்கு.

என் கணவர் மட்டும் மாறிவிட்டார். அதற்குப் பிறகு காரைப் பூட்டும்போது நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்து, பூட்டட்டுமா என்று கையைத் தூக்கிக் காட்டுவார். நான் தலையாட்டிய பிறகுதான் அழுத்துவார். அதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்த பொங்கல் போனது. அதற்கடுத்த பொங்கலும் போனது. சில மாதங்களில் ஒருநாள் மத்தியானம் பட்டறையிலிருந்து ஒருவர் போன் செய்தார். வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். எங்கள் நம்பரைத் தன் பர்சில் வைத்திருந்தானாம். எப்போது, யாரிடம் கேட்டு வாங்கினான் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அந்த அரைமணி நேரத்து வழியில் அன்றைக்குத்தான் போனேன். அழுகிறவர்கள் நடுவில் நானும் அழுதேன். அண்ணியைக் கட்டிக்கொண்டேன். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். என்னை யாரென்று கேட்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போனோம். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, மனதில் இருந்ததை அண்ணியிடம் கொட்டிவிட்டேன். கரும்பு, பூப்பொட்டலம், மூலையிலிருந்து அழுத்திய ரிமோட், அலாரம், எல்லாவற்றையும். நான் பூட்டவில்லை அண்ணி, அது அங்கிருந்தே பூட்டிக்கொள்ளும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நம்பவில்லையோ என்று பயம். அண்ணி வாசலில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எப்படின்னு எனக்குக் காட்டுங்க" என்றார்.

அவரை நான் உட்கார்ந்திருந்த இருக்கையில் உட்கார வைத்தேன். கதவை மூடினேன். கணவரிடமிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி, கோயில் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்துபோய் அழுத்தினேன். கார் 'கீ' என்றது. கண்ணாடி வழியாக அண்ணியைப் பார்த்தேன். தோளுக்குப் பக்கத்தில் இறங்கிய பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பின் கதவுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவசரமாக மறுபடி அழுத்தித் திறந்துவிட்டேன்.

இறங்கி வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சத்தம்தான். அன்னைக்கு வந்ததும் சொன்னாரு. நாலு பூட்டும் ஒண்ணா விழுந்துச்சு, தங்கச்சி கை ரெண்டும் மடியிலதான் இருந்துச்சு, பூப்பொட்டலத்தப் புடிச்சிக்கிட்டு, அவ பூட்டலன்னு."

எனக்குக் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அப்படியானால் ஏன் போனான் என்று கேட்டேன்.

"திருடனப் பாக்குற மாதிரி எல்லாரும் பாத்தாங்களாம். அங்க நின்னு, நான் இவ அண்ணன்னு சொல்ல வெக்கமாப் போச்சாம். அவ என்னைப் பாத்துட்டா, இனிமே தானா வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ரெண்டு பொங்கலுக்கும் கேட்டைப் பூட்ட வுடல. தங்கச்சி வந்தா வெளிய நின்னு ஆட்டிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னாரு."

இரண்டு வருடம் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேனே, அந்தச் சண்டையில் எதிரில் ஆளே இல்லை. அவன் கோபப்படவில்லை. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, பட்டர்வொர்த்தில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நான் இங்கே ஜெலுத்தோங்கில் உட்கார்ந்து, அவன் வந்து மன்னிப்புக் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். என் கணவர் கொஞ்சம் தள்ளி, காரின் மேல் கையை வைத்துத் தலையைக் குனிந்து நின்றார்.

கிளம்பும்போது கேட்டைச் சாத்தப் போனேன். அண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டினார். பச்சைப் பெயின்ட் அடித்த பழைய இரும்புக் கேட். சங்கிலி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பூட்டு இல்லை.